செல்லையா கிராணி எடை போட்ட எலிகள்

எலிக்கு உடம்பு சரியில்லை என்று அழுத பெண் கேமரன் மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நான் அழுதபோது அந்த எலி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொழுகொழுவென்று உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அதன் எண் பதினான்கு. செவ்வாய்க்கிழமைத் தாளில் அதன் எடை இருநூற்று ஐம்பத்தைந்து கிராம். புதன்கிழமை இருநூற்று நாற்பத்திரண்டு. ஒரே நாளில் பதிமூன்று கிராம் எங்கே போகும்? தின்ற தீனி குறையவில்லை. போட்ட புழுக்கை குறையவில்லை. பக்கத்துக் கூண்டு எலியோடு கம்பி வழியாகச் சண்டை போடும் உற்சாகமும் குறையவில்லை. கண்ணுக்குக் கொழுத்துக்கொண்டும் காகிதத்தில் இளைத்துக்கொண்டும் இருந்தது அந்த எலி. என் நாலு வருட உழைப்புக்கு முடிவு சொல்லப் போகிற பத்து எலிகளில் அதுவும் ஒன்று.

என் பெயர் யுவனேஸ்வரி. மலேசியாவில், கியா பார்ம் என்ற ஊரைத் தாண்டி திரிங்காப் ஊருக்குப் போகிற வழியில், கோஸ் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்கிறேன். புழுவைக் கொல்லும் பாக்டீரியாவை வளர்ப்பது என் வேலை. அந்தக் கிருமியைத் தண்ணீரில் கலந்து செடிக்கு அடித்தால், இலையோடு சேர்த்து அதைத் தின்கிற புழுவின் வயிறு கெட்டு, இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். நம் வயிறு அப்படியில்லை. புழுவின் வயிற்றில் கரைந்து விஷமாகும் பொருள், நம்முடைய அமில வயிற்றில் ஒன்றும் செய்யாமல் வந்த வழியே போய்விடும். போய்விடும் என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? காட்ட வேண்டும். அதற்குத்தான் எலிகள்.

எங்கள் கிருமிக்குப் பெயர் கே-7. கே என்றால் குமுதா. குமுதா என்றால் என் அம்மா. எங்கள் தேயிலை எஸ்டேட்டில் இன்னும் கொழுந்து எடுக்கப் போகும் தமிழ்ப் பெண்கள் ஒன்பது பேர், அதில் அம்மாவும் ஒருத்தி. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், சாப்பாட்டு டப்பாவை என் முன்னால் வைத்தாள். பசியோடு திறந்தேன். உள்ளே கறுத்துத் துவண்டுபோன ஏழு புழுக்கள்.

“கத்தாதடி. எல்லா வரிசையிலயும் புழு கொழுந்த தின்னுக்கிட்டு கெடக்கு. இந்த ஒரு வரிசையில மட்டும் தானா செத்துத் தொங்குது. மருந்துகூட அங்க அடிக்கல. படிச்ச புள்ளதானே, என்னான்னு பாரு.”

பார்த்தேன். ஏழாவது புழுவின் வயிற்றில் இருந்தது அந்தக் கிருமி. அதை வளர்த்தேன், பெருக்கினேன், தேயிலைப் புழுவுக்கும் கோஸ் புழுவுக்கும் கொடுத்துப் பார்த்தேன், இரண்டும் சுருண்டன. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எஸ்டேட்டில் மருந்து அடித்த வாரமெல்லாம் ராத்திரி முழுக்கக் கையைச் சொறிந்துகொண்டு கிடப்பவள் அவள். “நான் கண்டுபிடிச்ச மருந்து வரட்டும், அப்புறம் பாரு எங் கைய,” என்று எங்கள் லயத்து வீடுகளில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். கண்டுபிடித்தது யார் என்று நான் வாதாடவில்லை. டப்பா அவளுடையதுதானே.

இனி மிச்சம் இருந்தது எலிச் சோதனை. இருபது எலிகள். பத்துக்கு ஒரே ஒரு தடவை கே-7 கலந்த நீரை மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்குள் விடுவது. மற்ற பத்துக்கு வெறும் நீர். பிறகு இருபத்தொரு நாள் தினமும் காலை எட்டு மணிக்கு எடை போடுவது. எலிக்கு உள்ளே ஏதாவது கெட்டால், முதலில் அதன் எடைதான் சொல்லும். கடைசி நாளில் கே-7 எலிகள் மற்ற எலிகளைவிடப் பத்தில் ஒரு பங்கு இளைத்திருந்தால், கதை முடிந்தது. கே-7ஐக் கொதிக்க வைத்துச் சாக்கடையில் ஊற்ற வேண்டியதுதான்.

கிருமி அறைக்குள் போகிறவர் வெறும் நீர் அறைக்குள் போகக்கூடாது. அதனால் இரண்டு அறைக்கும் எடை போட இரண்டு ஆள். கிருமியை வளர்த்த நானோ எந்த அறைக்கும் போகக்கூடாது. பெற்றவளே பிள்ளைக்கு மார்க் போடக்கூடாது என்பது மாதிரி ஒரு விதி. கண்ணாடிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். வெறும் நீர் அறைக்குத் தானா ராத்தா என்ற ஊரிலிருந்து கரேன் வந்தாள். கிருமி அறைக்கு நானாகச் சிபாரிசு செய்து ஓர் ஆளைக் கொண்டுவந்தேன். அவர் செல்லையா கிராணி.

எஸ்டேட்டில் கொழுந்தை எடை போட்டு எழுதுகிறவரை நாங்கள் இன்றும் கிராணி என்றுதான் சொல்கிறோம். செல்லையா கிராணி முப்பத்தொரு வருடம் எங்கள் எஸ்டேட்டில் தராசுக்குப் பக்கத்தில் நின்றவர். முத்து முத்தான எழுத்து. ஒரு நாள் லீவு போட்டதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பிரிஞ்சாங் ராத்திரிச் சந்தையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யார் யார் தக்காளி எடை போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. கூப்பிட்டேன், வந்துவிட்டார்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் அவருக்கும் ஆகாது. அவள் கூடையைத் தராசில் மாட்டினால் முள் இருபதைக் காட்டும், கிராணி பத்தொன்பது என்று எழுதுவார். கேட்டால் கூடைக் கழிவு என்பார். மழை நாளில் பதினெட்டு என்று எழுதுவார். கேட்டால் ஈரக் கழிவு என்பார். இருபத்திரண்டு வருடம் தினமும் இதே சண்டை. “அந்தாளு செத்தா எமன்கூட கழிச்சிட்டுத்தான்டி தூக்கிட்டுப் போவான்,” என்று சாபம் விட்ட வாய் அது. அந்த ஆளைக் கூட்டிவந்து என் எலிகளிடம் விட்டிருக்கிறேன் என்று தெரிந்தால் எனக்குச் சோறு கிடைக்காது. கிராணி எங்கள் நிலையத்தில் வாசல் கேட்டுக்குக் காவலாக இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தேன்.

புதன்கிழமை டாக்டர் பார்பரா வந்தார். ஈப்போவிலிருந்து வரும் மிருக வைத்தியர். இந்தச் சோதனைக்கு அவர்தான் மேற்பார்வை. அவரும் எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தான், ஆனால் வேலை நேரத்தில் சிரிப்பை வெளியே எடுக்க மாட்டார். தாள்களைப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடியும் புரட்டினார்.

“யுவனா, கரேன் ரூம்ல எல்லாம் ஏறிக்கிட்டே போகுது. இங்க ஏறுது, எறங்குது, ஏறுது, எறங்குது. இன்னைக்கு சரியா பத்து பெர்சன்ட் கொறைவு.”

“டாக்டர், எலிங்கள பாருங்க. குண்டு குண்டா இருக்கு.”

“நான் கண்ணால பாத்தத எழுத முடியாது மா, நம்பரத்தான் எழுத முடியும். வெள்ளிக்கிழம கடைசி நாள். அன்னைக்கும் இப்படி இருந்துச்சுன்னா, பாதுகாப்பு இல்லன்னு கையெழுத்து போட்டுட்டுப் போவேன். எனக்கும் மனசு கேக்கலதான்.”

அவர் போனதும் கண்ணாடிக்கு முன்னால் நின்று அழுதேன் என்று சொன்னேனே, அது அப்போதுதான். அழுது முடித்ததும் கோபம் வந்தது. எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும், தேட வேண்டியதில்லை. அறைச் சூட்டுக்கருவி கெட்டிருக்கிறது என்று ஆள் கூப்பிட்டேன், கெடவில்லை. தீனி மட்டம் என்று கடைக்காரருக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன், இரண்டு அறைக்கும் ஒரே மூட்டைத் தீனிதான். தராசு பழுது என்று கழற்றச் சொல்லிச் சோதனைக் கல் வைத்துப் பார்த்தேன், இருநூறு கிராம் கல்லுக்கு இருநூறு கிராமே காட்டியது. செல்லையா கிராணி ஒவ்வொன்றுக்கும் எனக்கு உதவியாக ஓடினார். வியாழக்கிழமை மதியம் எனக்கு ஒரு டம்ளர் தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் டீ, கொண்டுவந்து வைத்து, “சரியாயிடும் மா, பாவம் வாயில்லா சீவன்,” என்று என்னையும் எலியையும் சேர்த்துச் சமாதானம் செய்தார்.

வியாழன் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். அடுத்த வாரம் தீபாவளி. நான் தரையில் உட்கார்ந்து வரைபடத் தாளை விரித்தேன். சிவப்புக் கோடு கரேன் அறை, நீலக் கோடு கே-7 அறை.

“முறுக்க எடுத்துக்கோ. ஏன் மூஞ்ச தூக்கி வச்சிருக்க?”

“உன் கே-7 நாளைக்கு சாக்கடைக்குப் போகப் போகுது மா.”

அம்மா அச்சைக் கீழே வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது மறுபடியும் அழுகை வந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினாள். மாவுக் கையால் தாளைத் தொடாமல், விரலைக் காற்றில் நீட்டி நீலக் கோட்டில் ஒரு பள்ளத்தைக் காட்டினாள்.

“இது என்னைக்கு?”

“ஒம்பதாந்தேதி.”

“அன்னைக்கு மழ.”

“எலிங்க ரூமுக்குள்ள இருக்கு மா. ஓட்ட கீட்ட ஒண்ணும் கெடையாது.”

“நீ சும்மா இரு. இந்தப் பள்ளம்?”

“பன்னெண்டு.”

“மழ. மத்தியானமே எங்கள வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இது?”

“பதினாறு, பதினேழு.”

“ரெண்டு நாளும் ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. இருபத்தி ரெண்டு வெயிலு, நான் கம்பளி காயப் போட்டேன். நேத்து இருபத்தி மூணு, மழ. இன்னைக்கும் மழ.” ஒரு பள்ளம்கூடத் தப்பவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். “மழ நாள நான் மறப்பனா? கொழுந்துல கழிக்கிற நாளாச்சே...”

அந்த இடத்தில் அம்மா நிறுத்தினாள். தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் கண் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதானது.

“யுவனா. இந்த எலிய யாருடி எடை போடுறது?”

நான் முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

“யாருடி?”

“செல்லையா கிராணி.”

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விழவில்லை. அம்மா முதலில் “ஆ” என்றாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. பிறகு சுவரில் சாய்ந்து, மாவுக் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பக்கத்து வீட்டு வேலம்மா அக்கா என்னவோ ஏதோ என்று வாசலுக்கு ஓடி வந்தார். “எலிக்கு... எலிக்குக் கழிவு போட்டிருக்கான்க்கா!” என்றாள் அம்மா. அதைத் தாண்டி அவளால் பேச முடியவில்லை. எனக்கு விஷயம் புரிய அரை நிமிடம் ஆனது. புரிந்ததும் நானும் தரையில் படுத்துவிட்டேன்.

சிரித்து ஓய்ந்ததும் அம்மா எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். “நாளைக்கு நான் லீவு. அந்தாளு மூஞ்ச நான் நேர்ல பாக்கணும்,” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோதும் மழைதான். அம்மா கொழுந்தெடுக்கப் போகும் ரப்பர் பூட்ஸோடும், மேலே கட்டிய பிளாஸ்டிக்கோடும் வந்திருந்தாள். கிராணி அதற்குள் வெள்ளை அங்கி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு கிருமி அறைக்குள் நின்றிருந்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில் பேசுவதற்கு ஒரு ஸ்பீக்கர் உண்டு. வழியெல்லாம் என்னென்ன சொல்லித் திட்டலாம் என்று பட்டியலே போட்டு வைத்திருந்தேன்.

“ஐயா, தராசுல வர்ற நம்பர அப்படியே எழுதுறீங்களா?”

“அப்படியே எப்படி மா எழுதுறது? கழிவு போக்கித்தான்.” அவர் முகத்தில் ஒரு துளி சந்தேகம் இல்லை. “எலிய வைக்கிற டப்பாவுக்கு இருபதுல ஒண்ணு. மழன்னா ஈரத்துக்கு இன்னொண்ணு. எஸ்டேட் கணக்குதான் லா. ஒரு கிராம் கூட கொறைய நான் ஏமாத்தல.”

“டப்பாவ வச்சு சைபர் அமுக்கச் சொன்னேன்ல?”

“அமுக்குறேனே.”

“அப்பவே டப்பா கனம் போயிடுச்சே ஐயா!”

“அது மெசினு கழிக்கிறது மா. கிராணி கழிக்கிறது வேற.”

“ரூமுக்குள்ள ஏதுங்கய்யா மழ?”

கிராணி மேலே கூரையைப் பார்த்தார், காய்ந்த கூண்டுகளைப் பார்த்தார், காய்ந்த எலிகளைப் பார்த்தார். முப்பத்தொரு வருடமாக அவர் கை தானாகச் செய்துகொண்டிருந்ததை முதல் தடவையாக அவரே நின்று பார்த்த மாதிரி இருந்தது. கையுறைக் கையால் நெற்றியில் அடித்துக்கொள்ளப் போய், விதி ஞாபகம் வந்து பாதியில் நிறுத்தினார். நான் பட்டியலில் முதல் வசவை எடுக்கும் முன்னே அவர் கேட்டார்.

“அப்ப... எலிங்களுக்கு ஒண்ணுமில்லியா மா?”

“ஒண்ணுமில்ல.”

“நெசமாவா?” மனிதர் கண் கலங்கிவிட்டது. “நான் பதறிப்போயிட்டேன் மா. நாளுக்கு நாள் எளைக்குதே, என்னா நோவோன்னு. போன செவ்வாக்கெழம கோயிலுக்குப் போயி புள்ளையாருக்கு அர்ச்சன பண்ணேன், அவரு வாகனமாச்சேன்னு. ஐயரு பேரு நச்சத்திரம் கேட்டாரு. பதினாலாம் நம்பருன்னு எப்படி சொல்றது? உம் பேர சொல்லிட்டேன்.”

திட்டுவதற்கு நான் வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. தானே கழித்து, தானே பயந்து, தானே அர்ச்சனை செய்திருக்கிறார் மனிதர். என் பின்னால் அம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள்.

“அசல் நம்பர் எங்கயாவது இருக்கா ஐயா? எல்லாம் போச்சா?”

“போறதா? அது எப்படி போகும்?” அந்தக் கேள்விதான் அவருக்கு அவமானமாகப் பட்டது போலிருந்தது. மேசைக் காலில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியில் ஒட்டி வைத்து விரித்துக் காட்டினார். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு எலிக்கும் மூன்று கட்டம். மொத்தம், கழிவு, மிச்சம். ஒரு அடித்தல் இல்லை, ஒரு சுழித்தல் இல்லை. மொத்தம் என்ற கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தேன். எண் பதினான்கு: செவ்வாய் இருநூற்று அறுபத்தெட்டு, புதன் இருநூற்று அறுபத்தொன்பது. ஏறிக்கொண்டே போனது. கண்ணாடி மேல் என் மூச்சுப் பட்டு எழுத்தெல்லாம் மங்கியது. துடைத்துத் துடைத்துப் படித்தேன்.

எட்டு மணிக்கு டாக்டர் பார்பரா வந்தார். சொன்னேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டுக்கொண்டு, அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

“ஐயா, நீங்க எடை போடுங்க. நம்பர சத்தமா சொல்லுங்க. நான் எழுதுறேன்.”

கிராணி முதல் எலியை எடுத்தார். டப்பாவை வைத்தார், சைபரை அமுக்கினார், எலியை இறக்கினார். எஸ்டேட்டில் வரிசையாக நிற்கும் கூடைகளுக்குச் சொல்வாரே, அந்தக் கணீர்க் குரல் ஸ்பீக்கரில் வந்தது. “எண் பதினொண்ணு! இருநூத்தி எழுவத்தி ரெண்டு!” சொல்லிவிட்டு நின்றார். அவர் உதடு அசைந்தது. வெளியே தகரக் கூரையில் மழை தடதடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. இருபதில் ஒன்று, ஈரத்துக்கு இன்னொன்று என்று அவர் மனம் கணக்குப் போடுவது எனக்கே கேட்பது போலிருந்தது. அம்மா என் கையைப் பிடித்தாள்.

கிராணி நிமிர்ந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், சொட்டச் சொட்ட நின்ற அம்மாவை அப்போதுதான் பார்த்தார்.

“கழிவு இல்ல!” என்றார்.

பத்து எலிக்கும் பத்துத் தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் இன்னும் சத்தமாகச் சொன்னார். மூன்றாவது எலிக்கு அம்மா சிரித்தாள். ஏழாவது எலிக்குப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள். “இருவத்தி ரெண்டு வருசமாச்சுடி, இந்த வார்த்தைய கேக்க,” என்றாள். எலிக்குக் கிடைத்த நியாயம் என் அம்மாவுக்குக் கிடைக்கவில்லையே என்று ஒரு கணம் நெஞ்சு எரிந்தது. ஆனால் அவள் முகத்தில் எரிச்சல் இல்லை, பண்டிகைதான் இருந்தது.

கே-7 எலிகளின் சராசரி இருநூற்று எழுபத்து மூன்று. கரேனின் எலிகள் இருநூற்று எழுபத்து நாலு. ஒரு கிராம் வித்தியாசத்தை யாரும் வித்தியாசம் என்று சொல்வதில்லை.

மிச்சத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைசி எடைக்குப் பிறகு இருபது எலிகளும் தூங்க வைக்கப்படும், திரும்ப எழுவதில்லை. ஈரல், மண்ணீரல், குடல் எல்லாவற்றையும் டாக்டர் திறந்து பார்க்க வேண்டும், அதில்தான் உண்மை முழுசாகத் தெரியும். எனக்கு அது எப்போதும் கஷ்டமான மணி நேரம். எண் பதினான்கிடம் கண்ணாடி வழியாக நன்றி சொன்னேன். அது மீசையைத் துடைத்துக்கொண்டது. கிராணி அங்கியைக் கழற்றிப் போட்டு, குளித்து, வேறு சட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் மழையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அம்மா தான் கொண்டுவந்த முறுக்கில் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவரும் தின்றார்.

மூன்று மணிக்கு டாக்டர் பார்பரா வெளியே வந்தார். “உள்ள எல்லாம் சுத்தம். ஒரு புள்ளி, ஒரு வீக்கம் கெடையாது. உன் கிருமி குடலுக்குள்ளயும் இல்ல, எங்கயும் தங்கல.” கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “கே-7 பாஸ்.”

நான் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அது எந்த விதியில் குற்றமோ தெரியாது. அவர் என்னை விலக்கிவிட்டுக் கிராணி பக்கம் திரும்பினார்.

“ஐயா, பழைய தாள் எதையும் கிழிக்கக்கூடாது, அழிக்கக்கூடாது. தப்பான நம்பர் மேல ஒரே கோடு. பக்கத்துல சரியான நம்பர். கையெழுத்து. என்னா காரணம்னும் எழுதணும். இருநூறு எடத்துலயும்.”

“எழுதிடுறேன் டாக்டர்.” கிராணி பேனாவை எடுத்து முதல் தாளில் கோடு போட்டார், எண்ணை எழுதினார், கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, முத்து முத்தாக எழுதினார்: ‘கொழுந்துப் பழக்கம்.’

டாக்டர் அதை எட்டிப் பார்த்தார். “எங்கம்மாவுக்கும் இப்படித்தான் கழிச்சாங்க, பாவிங்க,” என்றார். பிறகுதான் சிரித்தார். அந்தச் சிரிப்பு கரேன் அறைவரை கேட்டது.

மழை விட்டதும் கிளம்பினோம். வாசல் கொட்டகையில் தீவன மூட்டை எடை போடும் பெரிய தராசு ஒன்று கிடக்கிறது, தரையோடு தரையாக. அம்மா அதன் பக்கத்தில் போய் நின்றாள். கிராணி கதவைப் பூட்ட எங்களோடு வந்திருந்தார்.

“கிராணி,” என்றாள். “இருவத்தி ரெண்டு வருசம் எங் கூடைய எடை போட்டீங்க. இன்னைக்கு என்னைய போடுங்க பாப்போம்.”

சொல்லிவிட்டு பூட்ஸோடும், ஈரப் பிளாஸ்டிக்கோடும், பாதி முறுக்கு மீந்த டின்னோடும் தராசின் மேல் ஏறி நிமிர்ந்து நின்றாள். கிராணி குனிந்தார். முள் ஆடி நிற்கும்வரை பொறுத்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மலைக்கே கேட்கிற மாதிரி கூவினார்.

“குமுதா! எழுவத்தி நாலு கிலோ!”

“எழுவத்தி நாலா?” அம்மா குனிந்து முள்ளைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. கோஸ் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள். அம்மா குரலைத் தாழ்த்தினாள். “ஏன் கிராணி... பூட்ஸு போட்டிருக்கேன்ல. எல்லாம் ஈரமா வேற இருக்கு. ஒரு ரெண்டு கிலோ, மூணு கிலோ கழிங்களேன்.”

செல்லையா கிராணி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். தலையை ஆட்டினார்.

“முடியாது குமுதா. கழிவு இல்ல.”